வானத்தில் ஒரு வெளிச்சம்: ராணுவம் என்ன கேட்கிறது, என்ன சொல்கிறது?

2025 பொங்கல் முடிந்து நாலு நாள் இருக்கும். வடுவூர்ப் பக்கத்திலிருந்து பெரியப்பா போன் செய்தார். கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டி, தார்ப்பாய் போர்த்தி, ராக்காவலுக்குக் கட்டில் போட்டுப் படுத்திருக்கிறார்.

"தம்பி, மேக்கால ரெண்டு வெளிச்சம் நிக்குதுடா. ஒண்ணு பெருசு, கண்ணைப் பறிக்குது. இன்னொண்ணு மங்கலா அதுக்குப் பக்கத்துல. மூணு நாளா பாக்குறேன், நாளுக்கு நாள் ரெண்டும் நெருங்கி வருது. ஒம்பது மணிவாக்குல எறங்கி மறைஞ்சிடுது."

"சுகோய் போர் விமானமா இருக்குமா பெரியப்பா? ராத்திரியும் பறக்குமே."

"சுகோய்னா சத்தம் வயித்தக் கலக்கும்டா. இது மூச்சு காட்டல. பசங்க பறக்கும் தட்டுன்னு சொல்றானுவ. ஏர்ஃபோர்ஸ்காரங்களுக்குச் சொல்லணுமா வேணாமா, அத மட்டும் சொல்லு."

நல்ல கேள்வி. இப்படி ஒரு தகவல் வந்தால் ராணுவம் அதை வைத்துக்கொண்டு என்ன செய்யும்? அதன் பதிலை எந்த அளவுக்கு நம்பலாம்? அன்று போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

முதலில் பெயர். 1947 ஜூன் 24 அன்று அமெரிக்காவின் ரெய்னியர் மலைப் பக்கம் கென்னத் ஆர்னால்ட் என்பவர் தன் சிறிய விமானத்தில் போகும்போது ஒன்பது பொருள்கள் வரிசையாகப் பறப்பதைப் பார்த்தார். குளத்தில் ஓட்டாஞ்சில்லை வீசினால் தத்தித் தத்திப் போகுமே, அதுபோல, தண்ணீர்மேல் வீசிய தட்டு மாதிரி போயின என்றார். அவர் சொன்னது போன விதத்தை. பத்திரிகைகள் அதை உருவமாக்கி 'பறக்கும் தட்டு' என்று அச்சடித்தன. அதன்பிறகு பார்த்தவர்கள் எல்லாருக்கும் தட்டுதான் தெரிந்தது. சில ஆண்டுகளில் அமெரிக்க விமானப்படையின் கேப்டன் எட்வர்ட் ரப்பெல்ட் அந்தச் சொல்லை விலக்கி 'அடையாளம் தெரியாத பறக்கும் பொருள்' என்ற பெயரைக் கொண்டுவந்தார். யு.எஃப்.ஓ. என்பது அதன் சுருக்கம். இப்போது அமெரிக்க அரசு யு.ஏ.பி., அதாவது 'அடையாளம் தெரியாத, வழக்கத்துக்கு மாறான நிகழ்வு' என்கிறது.

'அடையாளம் தெரியாத' என்றால் 'வேற்றுக் கிரகத்திலிருந்து வந்த' என்று பொருளில்லை. முகவரி சரியாக எழுதாத கடிதம் தபால் நிலையத்தில் தங்கிவிடுவதைப் போலத்தான். கடிதம் எழுதியவர் யாரோ ஒரு சாதாரண ஆள்தான், கையில் இருக்கும் விவரம் போதவில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டால் இனி வரப்போவது எல்லாம் எளிது.

ராணுவத்தின் கேள்வி

நாம் கேட்பது 'அது என்ன?' ராணுவம் கேட்பது 'அதனால் ஆபத்து உண்டா?' இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் பாதிக் குழப்பம். எதிரி நாட்டுடையதா, நம்முடையதா, பயணிகள் விமானத்துக்கு இடைஞ்சலா என்று பார்ப்பார்கள். மூன்றுக்கும் 'இல்லை' என்று தெரிந்தால் கோப்பை மூடிவிடுவார்கள், அது என்ன என்று தெரியாமலே மூடினாலும் அவர்களுக்குக் கவலையில்லை. பிரிட்டன் பாதுகாப்பு அமைச்சகம் இதைத் திறந்தே சொன்னது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பொதுமக்களின் தகவல்களை வாங்கிப் பதிந்த பிரிவை 2009 டிசம்பரில் மூடியபோது, இத்தனை காலத்தில் நாட்டுக்கு ஆபத்து என்று காட்டிய ஒரு தகவல்கூட இல்லை என்பதே அது சொன்ன காரணம்.

நம் நாட்டில் பொதுவாக விமானம் கிளம்புமுன் வான் பாதுகாப்பு அனுமதி எண் ஒன்று வாங்க வேண்டும். ராடார் திரையில் ஒரு புள்ளி தெரிந்தால், கையிலிருக்கும் பயணத் திட்டங்களில் ஏதாவது ஒன்றோடு அது பொருந்துகிறதா என்று ஒத்துப்பார்ப்பார்கள். பொருந்தாவிட்டால்தான் அடுத்த கட்டம். பல ராடார்கள் காட்டுவதை ஒரே திரையில் சேர்த்துப் பார்க்க விமானப்படையிடம் ஒருங்கிணைந்த கட்டுப்பாட்டு அமைப்பு இருக்கிறது. தேவைப்பட்டால் போர் விமானம் எழும். தஞ்சாவூர் தளத்தில் 2020 ஜனவரி 20 முதல் 222ஆம் படைப்பிரிவின் சுகோய்-30 விமானங்கள் நிற்கின்றன. டெல்டாக்காரர்களுக்கு அந்தச் சத்தம் பழகிவிட்டது.

2023 நவம்பர் 19 அன்று இம்பால் விமான நிலையத்தின் மேல் ஏதோ ஒன்று பறப்பதாகத் தகவல் வந்தது. வான்வெளியை மூடினார்கள், வந்த விமானங்களைத் திருப்பி அனுப்பினார்கள், தேடுவதற்கு ரஃபேல் போர் விமானங்கள் கிளம்பின. அன்றே விமானப்படையின் கிழக்குக் கட்டளையகம் சொன்னது இவ்வளவுதான்: விமான நிலையத்திலிருந்து கண்ணால் பார்த்துச் சொன்ன தகவலின் பேரில் வான் பாதுகாப்பு ஏற்பாட்டை இயக்கினோம், அந்தச் சிறு பொருள் அதன்பின் தென்படவில்லை. பலருக்கு இது மழுப்பலாகப் பட்டது. எனக்கு அப்படிப் படவில்லை. யார் பார்த்தார்கள், நாங்கள் என்ன செய்தோம், முடிவில் என்ன தெரிந்தது என்று மூன்றையும் ஊகம் கலக்காமல் சொல்லியிருக்கிறார்கள்.

ராடார் எல்லாவற்றையும் காட்டிவிடும் என்று நினைக்க வேண்டாம். கோடியக்கரைக்கு வலசை வரும் பறவைக் கூட்டங்களை எல்லாம் காட்டினால் திரையில் விமானமே தெரியாது. ஆகவே மெதுவாகப் போவதையும் சிறியதையும் வடிகட்டி விடுவார்கள். 2023 பிப்ரவரி 4 அன்று அமெரிக்கா சீனப் பலூன் ஒன்றைச் சுட்டு வீழ்த்தியது. பிறகு அந்த வடிகட்டியைத் தளர்த்தியதும் அதுவரை தெரியாத சின்னச் சின்னப் பொருள்கள் தெரிய ஆரம்பித்தன. பிப்ரவரி 10, 11, 12 என்று மூன்று நாளில் மூன்றைச் சுட்டார்கள். அவை தனியார் நிறுவனங்களோ ஆய்வாளர்களோ பொழுதுபோக்குக்காரர்களோ விட்ட பலூன்களாக இருக்கலாம் என்று அதிபர் பைடன் பின்னர் சொன்னார். வானம் அந்த வாரம் மாறிவிடவில்லை. சல்லடைதான் மாறியிருந்தது.

பார்த்தவரிடம் கேட்பது

அமெரிக்க விமானப்படை 1948 தொடங்கி 1969 வரை அடுத்தடுத்து மூன்று திட்டங்கள் நடத்தியது. கடைசியும் பெரியதும் 'புளூ புக்'. அதன் விசாரணைப் படிவத்தில் எனக்குப் பிடித்த கேள்வி ஒன்று உண்டு. கையை முழுக்க நீட்டி எதைப் பிடித்தால் நீங்கள் பார்த்த பொருள் அளவுக்கு இருக்கும்? குண்டூசித் தலையா, பட்டாணியா, இன்ன நாணயமா, பேஸ்பாலா, கூடைப்பந்தா? கண்ணாடி போட்டிருந்தீர்களா, ஜன்னல் வழியாகப் பார்த்தீர்களா என்றும் கேட்டார்கள்.

ஏன் இப்படிச் சுற்றிவளைத்துக் கேட்க வேண்டும்? 'பஸ் அளவு இருந்தது' என்று ஒருவர் சொன்னால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. இருட்டில் ஒரு வெளிச்சத்தின் தூரம் நமக்குத் தெரியாது. தூரம் தெரியாவிட்டால் அளவு தெரியாது. அளவும் தூரமும் தெரியாவிட்டால் வேகமும் தெரியாது. கை நீட்டிப் பிடித்த நாணயம் கோணத்தைச் சொல்லும். அந்தக் கோணம் ஒன்றைத்தான் கண் பொய் சொல்லாமல் தரும்.

அமெரிக்கக் கடற்படை விமானம் ஒன்று எடுத்த படத்தில் ஒரு சிறு பொருள் கடல்மேல் அம்பாகப் பாய்வதுபோல் தெரியும். உலகமே பார்த்து வியந்த படம். நாசா அமைத்த குழு 2023இல் கோணங்களை வைத்துக் கணக்குப் போட்டது. பொருள் கடலை ஒட்டிப் பறக்கவில்லை, சுமார் 13,000 அடி உயரத்தில் இருந்தது, வேகம் மணிக்கு 40 மைல்தான். திருவாரூரிலிருந்து தஞ்சாவூர் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் சாலையோரப் புளியமரம் பின்னால் பாயும், நிலா மட்டும் கூடவே வரும். அதே கணக்குத்தான். வேகம் படமெடுத்த விமானத்துடையது.

படிவம் வந்ததும் தெரிந்தவற்றோடு ஒத்துப்பார்க்கும் வேலை. அந்த நேரத்தில் அந்தத் திசையில் என்ன கோள், எந்த விமானம், எந்தப் பலூன், காற்று எந்தப் பக்கம்? நம் பக்கத்துக்கென்றே ஒரு பட்டியல் போடலாம். காரைக்காலில் வானிலைத் துறை விடும் பலூன் அந்தியில் நமக்கு இருட்டிய பிறகும் மேலே வெயில் பட்டு மின்னும். ஸ்ரீஹரிகோட்டாவில் ஏவும் ராக்கெட்டின் புகை விடியலுக்குச் சற்று முன்போ அந்தியிலோ வண்ணக் கோலமாக விரியும். 2019 மே முதல் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் ரயில் பெட்டிபோல் வரிசையாகப் போகின்றன. கல்யாண வீட்டு ட்ரோனும் வயலில் மருந்தடிக்கும் ட்ரோனும் இருக்கின்றன. ஒலியை மிஞ்சி விமானம் பறந்தால் வெடிச்சத்தம் மட்டும் பல கிலோமீட்டர் தள்ளிக் கேட்கும், விமானம் கண்ணில் படாது.

எல்லாவற்றிலும் அதிகம் ஏமாற்றுவது கோள்கள். 2012இல் லடாக்கில் பாங்காங் ஏரிப் பக்கம் நம் படையினர் கிழக்கே மஞ்சள் வெளிச்சங்கள் எழுவதைப் பார்த்தார்கள். சீனாவின் உளவு ட்ரோன் என்று சந்தேகம். ஆகஸ்டிலிருந்து மறு பிப்ரவரிவரை 329 தடவை பார்த்ததாகக் குறித்துவைத்தார்கள். கடைசியில் பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனத்தைக் கூப்பிட்டார்கள். நம் காவலூர் தொலைநோக்கி நிலையத்தை நடத்துவதும் அதே நிறுவனம்தான். அவர்கள் கண்டுபிடித்தது வியாழனும் வெள்ளியும். டெல்டாவில் ஆலங்குடிக்கும் கஞ்சனூருக்கும் போய்க் கும்பிடுகிறோமே, அதே இருவர். எல்லையில் நிற்பவருக்கு எந்த வெளிச்சமும் சந்தேகத்துக்குரியதுதான், அவர்கள் பார்த்ததிலும் குறித்ததிலும் தவறில்லை. ஆனால் வானியல் தெரிந்த ஒருவரை முதல் மாதமே கூப்பிட்டிருக்கலாம்.

விளக்கம் எங்கே சறுக்குகிறது

1952 ஜூலையில் இரண்டு வார இறுதிகளில் வாஷிங்டன் நகரின் மேல் ராடார் திரைகளில் புள்ளிகள் தெரிந்தன, போர் விமானங்கள் எழுந்து தேடின. ஜூலை 29 அன்று மேஜர் ஜெனரல் ஜான் சாம்ஃபோர்ட் பெரிய பத்திரிகையாளர் கூட்டம் கூட்டி, வெப்பநிலை தலைகீழாகியிருக்கலாம் என்றார். கேட்டவர்களுக்கு ஏதோ சமாளிப்பாகத் தோன்றியது. நமக்கு அது தெரிந்த சங்கதிதான். மார்கழி விடியலில் வெந்நீர் அடுப்புப் புகை மேலே போகாமல் கூரை உயரத்தில் பாய் விரித்த மாதிரி படுத்துக்கிடக்கும். கீழே குளிர்ந்த காற்று, மேலே கொஞ்சம் சூடான காற்று. அந்த அடுக்கில் ராடார் அலையும் வளைந்து தரையில் இருப்பதைத் தொட்டுத் திரும்பும். திரையில் அது வானத்தில் இருப்பதாகத் தெரியும். சாம்ஃபோர்ட் இப்படி ஒரு புகையைக் காட்டியிருந்தால் பாதிப் பேராவது கேட்டிருப்பார்கள்.

1966 மார்ச்சில் மிச்சிகன் மாநிலத்தில் பலர், போலீஸ்காரர்கள் உட்பட, வெளிச்சம் பார்த்தார்கள். விமானப்படையின் ஆலோசகர் ஆலன் ஹைனெக் என்ற வானியல் பேராசிரியர் போனார். சில நாளிலேயே பத்திரிகையாளர்களைக் கூட்டி, சதுப்பு நில வாயுவாக இருக்கலாம் என்றார். ஏரி குளத்தில் தழை மக்கி வரும் வாயு எரிந்து மினுங்குவது. நம் தாத்தாக்கள் கொள்ளிவாய்ப் பிசாசு என்றார்களே, அதன் அறிவியல் பெயர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மக்கள் கொதித்துப் போனார்கள். பின்னாளில் அதிபரான ஜெரால்டு ஃபோர்டு அப்போது அந்த மாநிலத்திலிருந்து அமெரிக்க நாடாளுமன்றத்துக்குப் போன உறுப்பினர். நாடாளுமன்ற விசாரணை வேண்டும் என்று கடிதம் எழுதினார், அடுத்த மாதமே விசாரணையும் நடந்தது. ஒரு விடையை மட்டும் தூக்கிப் போட்டு, அதற்கு எப்படி வந்து சேர்ந்தோம் என்று காட்டாமல் விட்டால் நடப்பது இதுதான். பார்த்தவரை முட்டாளாக்கியதுபோல் ஆகிவிடுகிறது. ஹைனெக்கே பிற்காலத்தில் விமானப்படையின் அவசர விளக்கங்களைக் கண்டித்தார்.

இதைவிட ஆழமான சிக்கல் ரகசியம். 1947 ஜூலை 8 அன்று அமெரிக்காவின் ராஸ்வெல் விமானத் தளமே 'பறக்கும் தட்டு கிடைத்தது' என்று அறிக்கை விட்டது. ஒரு நாளுக்குள் வானிலை பலூன் என்று மாற்றிச் சொன்னார்கள். சோவியத் அணுகுண்டுச் சோதனையை ஒட்டுக்கேட்க விட்ட ரகசிய 'மொகுல்' திட்டத்துப் பலூன் அது என்று விமானப்படை சொன்னது 1994இல். நாற்பத்தேழு ஆண்டு! அதற்குள் கட்டிய கதைகளை இனி யார் இறக்குவது?

1955 முதல் பறந்த யு-2 உளவு விமானமும் அப்படித்தான். அன்றைய பயணிகள் விமானங்கள் பத்து, இருபதாயிரம் அடியில் போகும். இது 60,000 அடிக்கு மேல். அந்தியில் கீழே இருட்டிவிட்ட பிறகு அதன் வெள்ளி இறக்கையில் மட்டும் வெயில் பட்டுத் தீயாக மின்னும். விமானிகள் புகார் எழுதினார்கள். புளூ புக் அதிகாரிகள் சி.ஐ.ஏ.வின் பறத்தல் குறிப்போடு ஒத்துப்பார்த்து உண்மையைத் தெரிந்துகொண்டார்கள். எழுதியவருக்கு மட்டும் அதைச் சொல்ல முடியவில்லை. 1950களின் பிற்பகுதியிலும் 60களிலும் வந்த புகார்களில் பாதிக்கு மேல் இந்த உளவு விமானங்கள்தான் என்று சி.ஐ.ஏ.வின் வரலாறே சொல்கிறது. அந்தக் கணக்கு மிகை என்று வாதிடுபவர்களும் உண்டு. எப்படியானாலும், சரியாகப் பார்த்துச் சொன்ன ஒருவரிடம் 'நீ பார்த்தது ஒன்றுமில்லை' என்று தெரிந்தே சொல்லியிருக்கிறார்கள். நாட்டுப் பாதுகாப்புக்காக வாயை மூடிக்கொள்வதை நான் ஏற்பேன். பொய்க் காரணம் சொல்வதை ஏற்க முடியவில்லை. 'இதைப்பற்றிச் சொல்ல இயலாது' என்பதும் நேர்மையான பதில்தான்.

மிச்சக் கணக்குக்கு வருவோம். புளூ புக்கில் மொத்தம் 12,618 தகவல்கள், விளங்காமல் நின்றவை 701. 2021 ஜூனில் அமெரிக்க உளவுத்துறை அறிக்கை 144 சம்பவங்களை எடுத்துக்கொண்டு ஒன்றை மட்டும் காற்றிறங்கிய பலூன் என்று உறுதியாகச் சொன்னது. '143 மர்மம்' என்று தலைப்புகள் வந்தன. அறிக்கையைப் படித்தால், பெரும்பாலானவற்றில் முடிவெடுக்கப் போதிய விவரமே இல்லை என்றிருக்கிறது. 2024 மார்ச்சில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையில் இத்தகைய தகவல்களை ஆராயும் ஆரோ அலுவலகம் பழைய கோப்புகளை எல்லாம் புரட்டி, வேற்றுக் கிரகத் தொழில்நுட்பத்துக்கு ஆதாரமில்லை என்றது.

எனக்குப் பிடித்தது பிரான்ஸ் வழி. 1977 முதல் அங்கே இந்த வேலையை விண்வெளி நிறுவனமே பார்க்கிறது, ராணுவம் தகவல் கொடுத்து உதவும். ஒவ்வொரு சம்பவத்துக்கும் ஏ, பி, சி, டி என்று ஓர் எழுத்து. ஏ என்றால் என்னவென்று உறுதி, பி என்றால் அநேகமாக இன்னது, சி என்றால் விவரம் போதாது, டி என்றால் நல்ல விவரம் இருந்தும் விளங்கவில்லை. சி-யையும் டி-யையும் பிரித்ததில்தான் அவர்கள் நேர்மை இருக்கிறது. செய்தித் தலைப்புகள் இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகின்றன. விசாரித்த விதத்தோடு கோப்பைப் பொதுவில் வைக்கிறார்கள், சந்தேகப்படுபவர் தானே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

சரி, நாம் பார்த்தால்?

உட்காருங்கள். தலையைச் சுவரிலோ தூணிலோ சாய்த்து, வெளிச்சத்தை ஒரு மின்கம்பத்தின் விளிம்போடு சேர்த்துப் பாருங்கள். இருட்டில் தனியாக நிற்கும் வெளிச்சம் அசையாவிட்டாலும் அசைவதாகக் கண் காட்டும், கம்பம் இருந்தால் அந்த மயக்கம் தீரும். மணியைக் குறியுங்கள். திசையைக் கோபுரம், டிரான்ஸ்பார்மர் என்று நிலையான ஒன்றை வைத்துச் சொல்லுங்கள். கை நீட்டினால் கட்டைவிரல் அகலம் சுமார் 2 டிகிரி, மூடிய முட்டி 10 டிகிரி. செல்போனில் பெரிதாக்கி எடுக்காதீர்கள். ஃபோகஸ் தவறிய வெளிச்சப் புள்ளி உருண்டையாக விரிந்து துடிக்கும், அசல் தட்டு மாதிரியே. பெரியப்பா ஊர்ப் பசங்க அனுப்பிய வீடியோவில் இருந்ததும் அதுதான். ஒரு மரக்கிளையாவது கூடத் தெரியும்படி எடுத்தால் பின்னால் அளக்கலாம்.

விழுந்து கிடக்கும் பொருளைத் தொடாமல் காவல் நிலையத்துக்கோ கிராம நிர்வாக அலுவலருக்கோ சொல்லுங்கள். விமானத் தளம், கடற்கரைப் பக்கம் ஆளில்லாமல் ஏதாவது தாழப் பறந்தாலும் உடனே 112. தினமும் ஒரே இடத்தில் நின்று ஒரே நேரத்தில் மறைகிற வெளிச்சத்துக்கு யாரையும் எழுப்ப வேண்டியதில்லை.

அன்று போனிலேயே பெரியப்பாவைக் கட்டிலில் உட்காரவைத்தேன். "கைய நல்லா நீட்டுங்க. ரெண்டு வெளிச்சத்துக்கும் நடுவுல கட்டைவிரல வச்சுப் பாருங்க."

"ஒரு விரலுக்குக் கொஞ்சம் கூட இருக்கும்."

"முதல் நாள் சின்னது எங்க இருந்துச்சு?"

"பெருசுக்கு மேல. இப்ப பக்கத்துல வந்துடுச்சு."

"நீங்க சொன்னது எல்லாமே சரி பெரியப்பா. பெருசு வெள்ளி. நாளைக்கு, நாளன்னைக்கு இப்படியே நிக்கும். அப்புறம் பெருசு மேல ஏறும், சின்னது கீழ போகும். அப்படி ஆகலன்னா சொல்லுங்க, நானே தஞ்சாவூருக்குக் கடுதாசி எழுதுறேன்."

ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டார். நெல் எடை போட்டாகிவிட்டதாம், ஆனாலும் சாயந்திரம் களத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

"நீ சொன்ன மாதிரியே சின்னது கீழ எறங்கிடுச்சுடா. அது என்னன்னு அன்னைக்குச் சொல்லலியே நீ?"

"சனி, பெரியப்பா."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. வருஷா வருஷம் திருநள்ளாறு போய் நளன் குளத்தில் முழுகி எழுந்து வருகிற மனுஷர்.

"இப்பத்தாண்டா நேர்ல பாக்குறேன்," என்றார்.